எங்கள் ஊர்ப் பாடு

ஞாயிற்றுக்கிழமை ஆனால் போதும், சென்னையிலிருந்து கார்கள் வந்து எங்கள் பழவேற்காட்டின் டச்சுக் கல்லறை முன்னால் நிற்கும். வாசலில் செதுக்கியிருக்கும் எலும்புக்கூட்டோடு ஒரு செல்ஃபி, சீசன் என்றால் தூரத்தில் பூநாரை, மத்தியானம் இறால் வறுவல். நாலு மணிக்குக் கிளம்பிவிடுவார்கள். வரட்டும், சந்தோஷம்தான். ஆனால் பழவேற்காடு என்றாலே "டச்சுக்காரர்கள் வாழ்ந்த அழகான ஊர்" என்று எழுதுவதைப் படிக்கும்போது எனக்கு மனசு ஒப்புவதில்லை.

1613-இல் இங்கே டச்சுக்காரர்களின் கெல்ட்ரியா கோட்டை எழுந்தது. 1690-இல் நாகப்பட்டினத்துக்கு மாற்றும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களுக்கு இதுதான் தலைமையிடம். துணி வாங்கத்தான் வந்தார்கள். நம் நெசவாளர்கள் நெய்த கட்டம் போட்ட துணி இங்கிருந்து கப்பலேறியது. மலேசியாவில் இன்றைக்கும் கைலியை 'காயின் பெலிக்காட்' என்கிறார்கள். பெலிக்காட் வேறெதுவும் இல்லை, எங்கள் ஊர்ப்பெயர்தான். அதே துறையிலிருந்து பஞ்சக் காலங்களில் ஆயிரக்கணக்கான நம் மக்களை அடிமைகளாகப் பத்தாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) ஏற்றினார்கள் என்பதும் அதே வரலாறுதான். அவர்களுக்குக் கல்லறை கிடையாது, பெயர் பொறித்த கல்லும் கிடையாது. அந்த வாசலில் நின்று படம் எடுக்கும்போது ஒரு நிமிஷம் அவர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு இந்த ஊரின் பழமை என்றால் ஏரிதான். இங்கே 'பாடு' என்று ஒரு முறை உண்டு. எந்த இடத்தில், எந்த நாளில், எந்த ஊர்க்காரர், எந்த வீட்டுக்காரர் வலை கட்டுவது என்று மீனவர்கள் தங்களுக்குள்ளேயே முறை வைத்துக்கொள்வது. நல்ல இடம் ஒருத்தருக்கே நிலைக்காது, சுற்றி வரும். தண்ணீரில் வேலி போட முடியாது; ஆனாலும் இன்றைக்கு யார் முறை என்பது எல்லோருக்கும் தெரியும். உழைப்புக்கும் கஷ்டத்துக்கும் தமிழில் பாடு என்றுதானே சொல்கிறோம், அந்தச் சொல்லே ஏரியில் ஒருவருக்கான இடத்துக்கும் பெயராக இருப்பது எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இதில் குறை இல்லாமல் இல்லை. பாடு முறையில் இடமில்லாதவர்களும் இந்த ஏரியை நம்பித்தான் இருக்கிறார்கள். இருளர் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? ஓலைக் கூடையான பறியின் வாயைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள், இரண்டு கையும் வேண்டுமே! விரலில் பட்டதும் அமுக்கி எடுத்துப் பறிக்குள் போடுவது கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். முள் குத்தினாலும் கை நிற்காது. அவர்களுடைய உரிமையையும் பேசாமல் ஏரியின் பெருமையை மட்டும் பேசுவது நியாயம் ஆகாது.

அப்புறம் முகத்துவாரம். கடலும் ஏரியும் சேரும் அந்த வாயை மணல் மூடினால் படகு கடலுக்குப் போக முடியாது, கடலிலிருந்து குஞ்சு மீனும் இறாலும் உள்ளே வராது. உப்புத் தண்ணீரும் நல்ல தண்ணீரும் சரியாகக் கலந்தால்தான் இந்த ஏரிக்கு உயிர். கோட்டைச் சுவர் இடிந்தபோது ஊர் பிழைத்தது. வாய் அடைபட்டால் எப்படிப் பிழைக்கும்?

அடுத்த தடவை வருகிறவர்கள் முந்தின நாளே வந்து தங்குங்கள். விடிகாலையில் படகுகள் கரை சேரும் இடத்துக்கு வாருங்கள். நண்டுக் கூடையைச் சுற்றி நிற்கும் அக்காக்களிடம் ஏரியில் தண்ணீர் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள், அவர்களே சொல்வார்கள்.