டைல் இருந்தது, அடிப்படை வசதி எங்கே?

முகப்பில் டைல் என்ற கட்டங்களோடு வந்த மைக்ரோசாஃப்டின் மொபைல் இயங்குதளமான விண்டோஸ் போன், ஆப் இல்லாததால்தான் ஒழிந்தது என்கிறார் அதைப் பற்றி எழுதிய ஒரு கட்டுரையாளர். பாதிதான் சரி. 2010-ல் வந்தபோது காப்பி-பேஸ்ட்டே கிடையாது. 2011 மார்ச்சில்தான் கொடுத்தார்கள். படுத்துக்கொண்டு படித்தால் திரை தானாகத் திரும்பும், அதைப் பூட்டும் வசதி 2013 கடைசியில். இதைவிடக் கொடுமை வால்யூம்! ரிங்டோனுக்கும் பாட்டுக்கும் ஒரே அளவு. ராத்திரி பாட்டைக் குறைத்துவிட்டுத் தூங்கினால் காலையில் போன் அடிப்பது காதிலேயே விழாது. இதைச் சரிசெய்யவும், அறிவிப்புகளை ஒரே இடத்தில் காட்டும் நோட்டிஃபிகேஷன் சென்டர் கொடுக்கவும் 2014-ல் விண்டோஸ் போன் 8.1 பதிப்பு வரவேண்டியிருந்தது. வேகத்தைக் குறை சொல்லமாட்டேன், 512 எம்பி ராமில் நோக்கியாவின் விண்டோஸ் போனான லூமியா 520 வழுக்கிக்கொண்டு ஓடும். ஆனால் 2012-ல் லூமியா 900 வாங்கியவர்களுக்கு அதே வருடம் வந்த விண்டோஸ் போன் 8 கிடையாது என்று கைவிரித்துவிட்டு, பழைய பதிப்பிலேயே 7.8 என்று டைல் அளவை மாற்றும் வசதியைக் கொடுத்தார்களே, அதை எந்த ஆப் கணக்கில் சேர்ப்பது?