எழும்ப மாட்டேங்குது

தம்பி: ரெண்டு மணி நேரமாச்சுக்கா, எழும்பவே மாட்டேங்குது.

அக்கா: ஐயோ, என்னடா ஆச்சு? தூங்குதா?

தம்பி: துணி போர்த்தி மூலையில வச்சேன். அசைவே இல்ல.

அக்கா: உடம்பு சுடுதா?

தம்பி: சில்லுனு இருக்கு. விரலால குத்திப் பார்த்தேன், விழுந்த குழி அப்படியே நிக்குது.

அக்கா: குத்தினியா! பெத்த பிள்ளையப் போய்...

தம்பி: பிள்ளை இல்லக்கா, மாவு! பிரெட் மாவு. லீவு நாளாச்சேன்னு பிள்ளைங்களோட சேர்ந்து பிரெட் பண்றேன்.

அக்கா: அத முதல்லயே சொல்லித் தொலைக்கக் கூடாது? சரி, ஈஸ்ட்டை எந்தத் தண்ணியில கரைச்ச?

தம்பி: நல்ல சூடாத்தான். சீக்கிரம் பொங்கட்டும்னு. ஆவி பறந்துச்சு.

அக்கா: அது உசிருள்ள சாமான்டா. 35, 38 டிகிரி போதும். 55-ஐத் தாண்டினா சாக ஆரம்பிக்கும், 60-ல கதை முடிஞ்சிரும். நீ கொலையும் பண்ணிட்டு, துணியும் போர்த்திட்டு, எப்ப எழும்பும்னு என்னைக் கேக்குற.

தம்பி: பிள்ளைங்களோட சேர்ந்துதான்க்கா கரைச்சேன்.

அக்கா: சேர்ந்துன்னா?

தம்பி: கொதிக்கிற தண்ணியாச்சே, தள்ளி நின்னு பார்த்தாங்க.

அக்கா: சின்னவளை விரல் விட்டுப் பார்க்கச் சொல்ற மாதிரி தண்ணி இருந்திருந்தா ஈஸ்ட்டும் பிழைச்சிருக்கும். அளவெல்லாம்?

தம்பி: அதுல தப்பே இல்ல. மைதா 500 கிராம், தண்ணி 300 மில்லி, ஈஸ்ட் 7 கிராம், உப்பு 10 கிராம். எல்லாம் தராசுல வச்சது.

அக்கா: யாரு வச்சா?

தம்பி: பிள்ளைங்களோட சேர்ந்து... நான் வச்சேன். அவங்க நம்பரை வாசிச்சாங்க.

அக்கா: சத்தமாவா?

தம்பி: மனசுக்குள்ள.

அக்கா: பிசைஞ்சது?

தம்பி: சின்னவ கை வச்சா. பசை மாதிரி ஒட்டிக்கிச்சு, ஒரே அழுகை. உடனே கொஞ்சம் மாவு தூவினேன். திரும்ப ஒட்டுச்சு, திரும்பத் தூவினேன்.

அக்கா: எவ்வளவு?

தம்பி: ஒரு பிடி. ஒரு நாலு தடவை.

அக்கா: அப்ப 500 கிராம்னு சொன்னது?

தம்பி: தராசுல இருக்கறப்போ 500தான்.

அக்கா: செங்கல் சூளை வைக்கிறியாடா? ஒட்டத்தான் செய்யும். கலந்ததும் மூடி 20 நிமிஷம் சும்மா விடு. மாவு தண்ணியை உறிஞ்சினதும் பாதி ஒட்டல் தானா போயிரும். மிச்சத்துக்குக் கையில துளி எண்ணெய் தொட்டுக்கணும். அப்புறம், அவ்வளவு பெரிய உருண்டையை ஆறு வயசுக் கைக்குக் கொடுத்தா அழத்தான் செய்யும். 100 கிராம் பிச்சுக் கொடு. தள்ளு, மடி, திருப்பு, அவ்வளவுதான் வேலை. பத்து நிமிஷம் போனதும் ஒரு துண்டை மெல்ல இழுத்து வெளிச்சத்துல பிடிச்சா, கிழியாம ஜவ்வு மாதிரி விரியணும், பின்னாடி இருக்கிற விரல் நிழலாத் தெரியணும். அதுக்காகவே திரும்பத் திரும்பப் பிசைவாங்க.

தம்பி: அத வீடியோ எடுத்தா சூப்பரா இருக்கும்ல? ரெண்டு பேருக்கும் சமையல் தொப்பி கூட வாங்கி வச்சிருக்கேன்.

அக்கா: தொப்பியில ஒரு பொட்டு மாவு இருக்கா?

தம்பி: சுத்தமா இருக்குக்கா!

அக்கா: இப்ப எங்க ரெண்டும்?

தம்பி: பிரெட் எப்படிப் பண்றதுன்னு டிவியில பாக்குறாங்க.

அக்கா: ...

தம்பி: அக்கா? லைன்ல இருக்கியா?

அக்கா: இருக்கேன். ஒரு டீஸ்பூன் புது ஈஸ்ட், ஒரு சிட்டிகை சர்க்கரை, மூணு மேசைக்கரண்டி வெதுவெதுப்பான தண்ணி. பத்து நிமிஷத்துல நுரை கட்டினா உசிர் இருக்கு. அதை அந்தச் செங்கல்ல ஊத்திப் பிசை. முதல்ல வழுக்கிக்கிட்டு அசிங்கமா இருக்கும், பயந்து மாவு தூவிராதே. நீ அள்ளிப் போட்ட மாவுக்கு அந்தத் தண்ணி வேணும். ரெண்டு மடங்கு ஆகுற வரைக்கும் வை. பாத்திரத்து மேல ரப்பர் பேண்ட் போட்டுக் குறி வச்சா பிள்ளைங்களே காவல் காப்பாங்க.

தம்பி: உருட்டறதும் அவங்களா? கோணல்மாணலா வருமே.

அக்கா: வரட்டும். நத்தை பண்ணட்டும், கத்தரிக்கோலால குத்தி முள்ளம்பன்றி பண்ணட்டும். எடை மட்டும் ஒண்ணு போல 60 கிராம் இருக்கணும், இல்லேன்னா பெருசு வேகறதுக்குள்ள சின்னது கருகிரும். உருட்டினதை அரை மணிக்கு மேல மூடி வச்சுக் குத்திப் பாரு. பட்டுனு மேல வந்தா இன்னும் பொறு, மெல்ல வந்தா ஓவனுக்கு ரெடி. 200 டிகிரி, 15 நிமிஷம். வெந்ததோட அடியில தட்டினா காலி டப்பா சத்தம் வரணும். 20 நிமிஷம் ஆறாம பிய்க்க விடாதே, உள்ள பிசுபிசுன்னு இருக்கும். பச்சை மாவை யாரும் வாயில வைக்கக் கூடாது, வேகாத மாவுல கிருமி இருக்கலாம். ஓவன்ல வைக்கிறது, எடுக்கிறது மட்டும் உன் வேலை.

தம்பி: சரிக்கா. அப்ப புது ஈஸ்ட்டைக் கரைச்சிர்றேன்.

அக்கா: யாரு?

தம்பி: பிள்ளைங்களோட சேர்ந்து...

அக்கா: போனை சின்னவகிட்ட கொடு. நீ தள்ளி நின்னு பாரு.

தம்பி: நான் ஒண்ணுமே பண்ண வேணாமாக்கா?

அக்கா: ஏன், தராசு நம்பரை வாசி. மனசுக்குள்ள.