ஒரு ஒழுக்கும் ஐந்து பாஸ்மாரும்

இரண்டு வாளி, ஒரு பேசின், பொங்கல் பானை. அதுவும் காணாமல் இடியப்பம் அவிக்கிற சட்டி. நேரம் இரவு இரண்டரை. வெளியே மழை, உள்ளே கூரை ஒழுகுது. அம்மாவின் கட்டிலை நடு அறைக்கு இழுத்துவிட்டு, சமையலறை வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒவ்வொரு பாத்திரத்திலும் ஒவ்வொரு சத்தம். பானை நிறைய நிறைய அதன் சத்தம் மாறுது. இதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தால் மூளை கலங்கிப்போகும், அதனால் எழுதுகிறேன். நித்திரை வாய்த்தவர்கள் காலமை எழும்பி வாசியுங்கோ.

எனக்கு மழையோடு கோபம் இல்லை. கொழும்பு மழையைப் போல நேரம் தவறாத ஆளை நான் கண்டதில்லை. மே பிறந்தால் தென்மேற்குப் பருவம். ஒக்டோபர், நவம்பரில் காலை முழுக்க வெயில் எரித்துவிட்டு, பின்னேரம் மூன்று நாலு மணிக்குக் கறுத்துக்கொண்டு வந்து இடியோடு கொட்டும். வருசத்துக்கு ஏறக்குறைய 2,400 மில்லிமீற்றர். ஒரு நாளாவது "ஹெட்ட எனவா", நாளைக்கு வாறன் என்று சிங்களத்தில் சொல்லி ஏமாற்றியதா? என் கோபம் எல்லாம் கூரை திருத்த ஏணியோடு வருகிறவர்கள் மேல். ஏணியோடு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராதவர்கள் மேல் இன்னும் கூட.

வீடு வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு ஒழுங்கையில் இருக்கு. முன்பக்கம் கலிகட் ஓடு. பின்னால் தொண்ணூறுகளில் அப்பா இழுத்துக் கட்டிய சமையலறைக்கு அஸ்பெஸ்டஸ் சீற். பின்மதிலுக்கு அங்கால தண்ணி விழுந்தால் சண்டை வரும் என்று சமையலறைக் கூரையை வீட்டுப் பக்கமாகச் சரித்துவிட்டார். ஓட்டுத் தண்ணியும் சீற் தண்ணியும் வந்து சேருகிற இடத்தில், அதை வடித்துவிட ஒரு தகரப் பீலி. கூரை வேலை தெரிந்தவர்களுக்கு இவ்வளவு சொன்னாலே போதும், "அங்கதான் ஒழுகும் பிள்ளை" என்று சிரிப்பார்கள். ஓம், அங்கேதான் ஒழுகுது. மூன்று வருசமாக அதே இடத்தில்.

மேசன், கூரை வேலைக்காரர் எல்லாரையும் இங்கே பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். முதலாவது பாஸ் கீழே நின்று சீலிங்கில் இருந்த கறையை அண்ணாந்து பார்த்தார். கறைக்கு நேரே மேலே ஏறினார். அந்த இடத்து ஓடுகளில் சீமெந்துக் கலவையை அப்பிவிட்டு இறங்கினார். அவருக்கு நாலாயிரத்து ஐந்நூறு, கூட வந்த பெடியனுக்கு மூவாயிரம், தேத்தண்ணி இரண்டு தரம். தண்ணி என்ன, தேங்காய் மாதிரி நேரே கீழே விழுகிற சாமானா? மேலே எங்கேயோ நுழையும். கைமரத்தின் அடியைப் பிடித்துக்கொண்டு ஐந்தடி ஆறடி இறங்கும். ஒரு ஆணியோ சலாகையோ மறித்தால் அங்கே கையை விடும். கறையைப் பார்த்து வைத்தியம் செய்வது, வாந்தி எடுத்த இடத்துக்கு மருந்து பூசுகிற மாதிரி. அதோடு மண் ஓடு வெயிலுக்கும் மழைக்கும் கொஞ்சம் அசைந்து கொடுக்கும், சீமெந்து அசையாது. மூன்று மாதத்தில் அந்தப் பூச்சு வெடித்து, வழிந்து ஓட வேண்டிய தண்ணியை மறித்து உள்ளே அனுப்பியது. முதல் ஒரு வாளி வைத்தேன், அவர் வந்து போனபிறகு இரண்டு.

இரண்டாவது பாஸ் சிலிக்கன்காரர். துப்பாக்கி மாதிரி ஒன்றை வைத்துக்கொண்டு கண்ட இடமெல்லாம் பிதுக்கினார். ஈரத் தகரத்தின் மேல், துருவின் மேல், தூசியின் மேல். அது ஒட்டுமா என்று கேட்டால், "ப்ரஷ்ன நே மிஸ்" என்றார். பிரச்சினை இல்லையாம். அவருக்கு இல்லைதான்.

ஆனால் அவர் செய்த வேறொரு வேலையை நான் மறக்கமாட்டேன். சீற்றின் ஓரத்தைக் கொஞ்சம் வெட்டினால் நல்லது என்று கிரைண்டரைப் போட்டுவிட்டார். சேர்ட்டை வாயில் கட்டிக்கொண்டு, என் சமையலறைக்கு மேலே, அஸ்பெஸ்டஸை! வெள்ளைப் புகையாகப் பறந்து அரிசி வாளி வரை படிந்தது. அந்தத் தூசியில் இருக்கிற நார் நெஞ்சுக்குள் போனால் வருசக்கணக்கில் சும்மா இருந்துவிட்டுப் புற்றுநோயாக எழும்பும் என்பது உலகம் முழுக்கத் தெரிந்த விசயம். வெட்டாதே, உடைக்காதே, தொட்டே ஆகவேண்டும் என்றால் முதலில் தண்ணி அடித்து நனை. இவ்வளவுதான் பாடம். அதைச் சொல்லிக் கொடுக்க ஒருத்தரும் இல்லை.

எப்படி இருக்கும்? நீல அஸ்பெஸ்டஸை 1987இலேயே இந்த நாடு தடை செய்துவிட்டது. மிச்சத்தையும் 2018 ஜனவரியோடு நிறுத்தப்போகிறோம் என்று அறிவித்தார்கள். நானும் நம்பினேன். 2017 டிசம்பரில் ரஷ்யாவுக்குப் போன நம் தேயிலையோடு ஒரு வண்டு கூடப் போய் இறங்கியது. உடனே அவர்கள் எங்கள் தேயிலை வேண்டாம் என்றார்கள். எங்கள் கூரைச் சீற்றுக்கு அஸ்பெஸ்டஸ் பெரும்பாலும் எங்கிருந்து வருது? ரஷ்யாவிலிருந்துதான். சில நாட்களுக்குள் இங்கே தடை தள்ளிப்போனது, அங்கே தேயிலைக்குக் கதவு திறந்தது. பயத்தம் பருப்பில் ஒரு வண்டு கிடந்தால் நான் கொழித்து எறிவேன். ஒரு நாட்டின் கூரை என்ன என்று ஒரு வண்டு முடிவெடுத்ததை வேறெங்கும் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

சரி, மூன்றாவது பாஸ். பார்த்தால் வலு பக்தியான மனிதர், நெற்றி நிறையத் திருநீறு. ஏறினார், நடந்தார். நடந்த வழியெல்லாம் எனக்குக் கீழே சத்தம் கேட்டது, அப்பளம் நொறுங்குகிற மாதிரி. ஓட்டின் நடுவில் கால் வைக்கக்கூடாது, கீழே சலாகை தாங்குகிற இடம் பார்த்துத்தான் வைக்கவேண்டும் என்பதை ஒரு ஓட்டு வீட்டில் வளர்ந்த பூனைகூட அறியும். ஒன்பது ஓடு உடைத்துவிட்டு இறங்கி, "ஓடெல்லாம் பழசு தங்கச்சி, தானா வெடிக்குது" என்றார்.

இனி அந்த ஒன்பது ஓட்டுக்கு நான் அலைந்த கதை. கலிகட் ஓடு எல்லாம் ஒன்று என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. அடியைத் திருப்பிப் பார்த்தால் செய்த இடத்தின் பெயர் அச்சில் இருக்கும். ஒரு அச்சின் ஓடு மற்ற அச்சோடு பூட்டாது. அரை அங்குலம் வித்தியாசம் வந்தாலும் காது கவ்வாது, காற்றோடு வருகிற சாரல் அதற்குள்ளால் ஏறிவிடும். எங்கள் ஓடு நீர்கொழும்புக்கு அங்கால வாய்க்கால் என்கிற ஊர்ப் பக்கத்துச் சூளை ஒன்றில் சுட்டது. அந்தப் பெயரில் இப்போது ஓடு இல்லை. கடைசியில் தெஹிவளையில் ஃபிளாட் கட்ட ஒரு பழைய வீட்டை உடைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய், குவியலுக்குள் குந்தியிருந்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, பதினொன்று பொறுக்கி, முச்சக்கரவண்டியில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். இன்னொருத்தர் வீட்டுக் கூரை என் மடியில். அது என்னவோ செய்தது, அதை விடுவம்.

இந்தக் கூரை இரண்டாவது கூரை. முதலாவது 83 யூலைக் கலவரத்தில் எரிந்து விழுந்தது. முகாமிலிருந்து திரும்பி வந்து, அறைக்குள் நின்று வானத்தைப் பார்த்தது எனக்கு நினைவிருக்கு, ஒன்பது வயசு. அடுத்த வருசம் அப்பா திரும்பப் போட்டார். போட்டவர் மொரட்டுவையிலிருந்து வந்த சிங்கள பாஸ் ஒருவர். ஒவ்வொரு ஓடாக விரலால் தட்டி, காதோடு வைத்துக் கேட்டு, கணீர் என்று ஒலிக்காததை ஒதுக்கிவைப்பார். நாங்கள் பிள்ளைகள் சுற்றி நின்று, எது பாஸ் எது ஃபெயில் என்று கத்துவோம். ஆறு கிழமையில் முழு வீட்டையும் மூடிவிட்டுப் போனார். நாற்பது வருசமாக அந்த ஓட்டால் ஒரு சொட்டு வந்ததில்லை.

இந்த வருசம் பெப்ரவரியில் ஒரு காய்ந்த கிழமையில் நானே இறங்கினேன். ஏறினேன் என்று சொல்லவேண்டும். அக்காவின் மகனை ஏணியில் ஹோஸ் பைப்போடு நிறுத்திவிட்டு, நான் ரோர்ச் லைற்றோடு சீலிங் துவாரத்துக்குள் தலையை விட்டேன். கீழிருந்து மேலாக, ஒரு இடத்துக்குப் பத்து நிமிசம். சீற்றில் அடித்தான், ஒன்றும் இல்லை. சீற்றைப் பிடிக்கிற ஹூக்குகளின் றப்பர் வாஷர் உக்கியிருந்தது, ஆனாலும் ஒழுகவில்லை. கீழ் வரிசை ஓட்டில் அடித்தான், இல்லை. பீலி நிறைய விடடா என்றேன். விட்டான். வந்தது! கடைசி வரிசை ஓட்டுக்கு அடியில் மறைந்திருக்கிற பீலியின் பின் ஓரம், கடல் காற்று தின்று, சல்லடையாகிக் கிடந்தது. பீலி பாதிக்கு மேல் நிறைந்தால் மட்டும் அதனால் தண்ணி உள்ளே வழியும். சிறு மழைக்கு ஒழுகாமல் பெருமழைக்கு ஒழுகுகிற மர்மம் அதுதான். பீலி ஏன் அப்படி நிறையுது? பக்கத்து எட்டு மாடியிலிருந்து விழுகிற சிகரெட் கட்டை, ஷாம்பூ பக்கற், ஒரு நாள் ஒரு சின்னப் பிள்ளையின் செருப்பு. எல்லாம் போய் வாயை அடைக்குது. 2017இல் இந்த நாட்டில் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு வந்தபிறகு, பீலியில் தண்ணி நிற்குதா என்று பார்க்க வீடு வீடாக வருகிறார்கள். நல்லதுதான். எட்டு மாடியிலிருந்து எறிகிறவரைப் பார்க்கத்தான் ஒருவரும் வருவதில்லை.

ஆக, வியாதி தெரிந்துவிட்டது. ஒரு வரிசை ஓட்டைக் கழற்று, எட்டடிப் பீலியை மாற்று, பின் ஓரத்தை உயர்த்தி ஓட்டுக்கு அடியில் நன்றாக உள்ளே விடு, ஓட்டைத் திருப்பி அடுக்கு. காலை ஏறினால் பின்னேரத் தேத்தண்ணிக்கு இறங்கலாம். கொப்பியில் படம்கூடக் கீறி வைத்தேன்.

அந்தப் படத்தை நாலாவது பாஸுக்குக் காட்டினேன். அவர் பாஸ் இல்லை, கொன்றாக்டர். டேப் வைத்து அளந்தார், ஃபோனில் தட்டினார். "முழுசாக் கழட்டிட்டு அமானோ சீற் போடுவம் மிஸ். இரும்புச் சட்டம், ஹீட் ஃபோயில், எல்லாம் சேர்த்துப் பத்தரை லட்சம்." பல்லு வலி என்று போனால் தலையை மாற்றச் சொல்கிறான்! ஓடு நல்லா இருக்குதே என்றேன். "இப்ப யார் மிஸ் ஓடு வைச்சிருக்கிறது?" நான். நான் வைத்திருக்கிறேன். அந்த அமானோ தகடு போட்டால் பகலில் வேகும், மழைக்குக் காது அடைக்கும், கடலுக்கு இவ்வளவு கிட்ட வெட்டின ஓரமெல்லாம் துருப்பிடிக்கும். எல்லாம் சொன்னேன். இந்த விலை வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் என்றார். 2022இல் டொலர் 200இலிருந்து 360க்குப் பாய்ந்தபோது பழகின வசனம் அது. டொலர் பிறகு இறங்கினாலும் வசனம் இறங்கவில்லை.

என்னைக் கொதிக்க வைப்பது இதுதான். திருத்துவதற்கு ஆள் இல்லை, விற்பதற்குத்தான் ஆள். பத்தரை லட்சத்துக்கு நாளைக்கே ஆறு பேர் வருவார்கள், எட்டடிப் பீலிக்கு ஒருத்தன் வரமாட்டான். அவர்கள் பக்கத்தையும் நினைத்துப் பார்க்கிறேன். ஏணி கொண்டுவரும் செலவு, உயரத்தில் வேலை, விழுந்தால் கேட்க நாதியில்லை, கை தேர்ந்தவர்கள் கட்டார், கொரியா என்று போய்விட்டார்கள். ஒரு நாள் கூலிக்கு ஏன் வருவான்? அதனால்தான் இரண்டு நாள் கூலி தருகிறேன் என்றேன். அப்படியும் வரவில்லை.

கனடாவில் இருக்கிற தம்பி வாட்ஸ்அப்பில் ஆலோசனை சொல்கிறான். "அக்கா, பேசாமல் ஸ்லாப் அடியுங்கோ." ஸ்லாப் ஒழுகாதாமா? இந்த ஒழுங்கையில் மேல் மாடியில் இருக்கிற யாரையும் கேட்டுப் பார். அடுத்த வொய்ஸ் மெசேஜ், "வித்துப்போட்டு ஒரு ஃபிளாட் எடுங்கோ." ஓமடா. எட்டடித் தகரத்துக்காக அப்பாவின் வீட்டை விற்கிறேன்.

ஐந்தாவது பாஸ் எங்கள் ஆள், தமிழர், மலையகத்தில் ஹட்டன் பக்கம். படத்தைப் பார்த்ததும் விளங்கிக்கொண்டார். சொல்லப்போனால் ஐந்து பேரில் அவர் ஒருவர்தான் பீலிக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தவர். எனக்குக் கண் கலங்கிவிட்டது. தகரம் வளைக்கக் கொடுக்கவேண்டும் என்று பதினைந்தாயிரம் அட்வான்ஸ் வாங்கினார். அது மார்ச் மாதம். பிறகு சித்திரை வருசத்துக்கு ஊருக்குப் போனார். பிறகு வெசாக். பிறகு மழை. மழையில் ஏற முடியாது, வெயிலுக்கு வேறு வேலை. தமிழில் "நாளைக்கு", சிங்கள பாஸ் என்றால் "ஹெட்ட", முஸ்லிம் பாஸ் என்றால் "இன்ஷா அல்லாஹ் நாளைக்கு". இந்த ஒரு விசயத்தில் மட்டும் நாட்டில் இனப்பிரச்சினையே கிடையாது.

இன்றைக்குப் பின்னேரமும் எடுத்தேன். எடுத்தார், அதுவே அதிசயம். "அக்கா, நாளைக்குக் காலமை எட்டு மணிக்கு வாசல்ல நிப்பேன்." வானம் இருண்டுகொண்டு வருது பாஸ் என்றேன். "சேச்சே, இது பெய்யாதுக்கா" என்றார்.

மூன்று மணியாகுது. சட்டியும் நிறைஞ்சிட்டுது. தகரத்தில் சொட்டுகிற சத்தத்துக்கு அம்மா முழிச்சிட்டா. கதவை யாரோ தட்டுகினம் என்று நினைக்கிறா. "ஆர் பிள்ளை, பாஸோ?" என்று கேட்கிறா.

ஊத்திப்போட்டு வாறன்.