ஆப்ட் என்பதை டிஎன்எஃப் என்று மாற்றினால் மட்டும் போதாது
லினக்ஸில் மென்பொருள் நிறுவுவது பற்றிய உங்கள் கட்டுரையில், உபுண்டுவின் நிறுவும் கட்டளையான ஆப்ட் (apt) இருக்கும் இடத்தில் டிஎன்எஃப் (dnf) என்று போட்டால் ஃபெடோரா லினக்ஸிலும் அப்படியே நிறுவிவிடலாம் என்று சொல்லியிருக்கிறீர்கள், அது பல நேரம் நடக்காது. பொதிகளின் (பேக்கேஜ்) பெயரே மாறும்: ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க நூலகத்துக்கு உபுண்டுவில் லிப்எஸ்எஸ்எல்-டெவ் என்று இருக்கும் பொதி ஃபெடோராவில் ஓப்பன்எஸ்எஸ்எல்-டெவல், ஆர்ச் லினக்ஸில் தனி டெவ் பொதியே கிடையாது, ஓப்பன்எஸ்எஸ்எல் போட்டாலே நிரல் தொகுக்கத் தேவையான ஹெடர் கோப்புகளும் சேர்ந்து வந்துவிடும்.

அதிகம் பேர் பயன்படுத்தாத மென்பொருள் என்றால் இதைவிடப் பெரிய தலைவலி பழைய பைனரிதான், அதாவது முன்பே தொகுத்து ஓடத் தயாராக வைத்த நிரல். அப்படி ஒன்றை உபுண்டு 22.04-இல் ஓட்டப் பார்த்தேன், ஓப்பன்எஸ்எஸ்எலின் நூலகக் கோப்பான லிப்எஸ்எஸ்எல் 1.1 இல்லை என்று நின்றுவிட்டது, 22.04-இல் வருவது ஓப்பன்எஸ்எஸ்எல் 3. சிலர் சொல்வதுபோல 3-ஐ 1.1 என்று சிம்லிங்க் (வேறு பெயரில் ஒரு கோப்பைச் சுட்டும் இணைப்பு) போட்டு ஏமாற்றப் பார்க்காதீர்கள், இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. 1.1 உள்ள உபுண்டு 20.04-ஐ ஒரு கன்டெய்னரில் (கணினிக்குள் தனியாகப் பிரித்து வைத்த சூழல்) போட்டு அதற்குள் ஓட்டினேன், சரியாக வேலை செய்தது.

முதலில் ஒரு நிரலுக்கு எந்தெந்த நூலகங்கள் தேவை என்று காட்டும் எல்டிடி (ldd) கட்டளை கொடுத்துப் பாருங்கள். 'நாட் ஃபவுண்ட்' என்று வரும் கோப்பு எந்தப் பொதியில் இருக்கிறது என்று டெபியனில் ஆப்ட்-ஃபைல், ஃபெடோராவில் டிஎன்எஃப் ப்ரொவைட்ஸ் சொல்லிவிடும். கிட்டத்தட்ட எல்லா நிரல்களும் நம்பியிருக்கும் அடிப்படை நூலகமான ஜிலிப்சியின் (glibc) பதிப்பு பழசு என்று பிழை வந்தால் மட்டும் கணினியின் ஜிலிப்சியில் கை வைக்கவே வைக்காதீர்கள், அப்புறம் கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் (ls) கட்டளைகூட ஓடாமல் போகலாம்.