ஏழு பைகளை மட்டும் ஏன் கொட்டினீர்கள்?

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கு வாட்ஸ்அப்பில் வந்திருக்கும், அது எப்படித் திரிந்து வந்திருக்கும் என்பதும் தெரியும். இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். முடியவில்லை.

ஓவியப் போட்டிக்கு வந்த பிள்ளைகள் நாற்பதுக்கு மேல். ஒரு குழந்தையின் வெள்ளிக் கொலுசைக் காணோம் என்றதும் கொட்டிப் பார்த்தது ஏழு பைகளை. நான் கூட்டி வந்த ஏழு பேரின் பைகளை மட்டும். கடைசியில் கொலுசு அந்தக் குழந்தையின் பட்டுப்பாவாடைக் கரையிலேயே, பிரிந்த நூலில் மாட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. "அப்பாடா, கிடைச்சிடுச்சு" என்று எல்லோரும் கலைந்து போய்விட்டீர்கள். தரையில் உருண்டு கிடந்த கிரேயான்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கியது என் பிள்ளைகள்தான்.

"பொருள் தொலைஞ்சா தேட மாட்டாங்களா?" என்று ஒரு அண்ணன் கேட்கிறார். தேடுங்கள் அண்ணா. நாற்பது பைகளையும் கொட்டியிருந்தால் இந்தப் பதிவே கிடையாது. ஏழு பைகளை மட்டும் கொட்டினீர்களே, அதைத்தான் கேட்கிறேன்.

இன்னொருவர், "அனுபவத்தில் சொல்றோம்" என்கிறார். என்ன அனுபவம்? அந்தப் பிள்ளைகளோடு ஒரு சாயங்காலமாவது உட்கார்ந்திருக்கிறீர்களா? நான் உட்கார்ந்தவள். உட்காருவதற்கு முன்னால் நானும் உங்களைப் போலத்தான் இருந்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

2022 தொடக்கத்தில் இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலராகச் சேர்ந்தேன். கொரோனாவில் பள்ளி மூடி, எழுத்தே மறந்துபோயிருந்த பிள்ளைகள். பாமணி ஆற்றுக்கு அந்தப் பக்கம், தினமும் சாயங்காலம் ஒன்றரை மணி நேரம். மன்னார்குடியிலேயே பிறந்து வளர்ந்த நான் அதுவரை அந்தத் தெருவுக்குள் கால் வைத்ததில்லை. வீட்டிலிருந்து தண்ணீர் பாட்டில் எடுத்துப் போவேன். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டேதான் நோட்டுத் திருத்துவேன். ஒரு மாதம் போல அப்படியே ஓடியது. ஒருநாள் நாலாம் வகுப்புப் பெண் ஒன்று எழுந்து வந்து, என் பக்கத்தில் தரையில் சாக்பீஸால் ஒரு கட்டம் போட்டாள். "பையை இதுக்குள்ள வைங்க டீச்சர். இந்தக் கோட்டை யாரும் தாண்ட மாட்டோம்."

அன்றைக்கு வீட்டுக்கு எப்படி வந்தேன் என்றே நினைவில்லை. மறுநாளும் அவள் கட்டம் போட்டாள். நான் வேண்டாம் என்று சொல்லும்வரை தினமும் போட்டாள்.

அப்புறம் ஒரு பையன். அடிக்கடி வர மாட்டான், வந்தால் இடுப்பில் தங்கச்சியோடு வருவான். "படிப்பில் அக்கறை இல்லாத குடும்பம்" என்று முடிவு கட்டி, பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வராதே என்று திட்டியும் விட்டேன். "அம்மா நடவுக்குப் போயிருக்கு டீச்சர்" என்றான். நாலு நாள் ஆளையே காணோம். தேடிப் போனேன். ஒழுகுகிற கூரை. உத்திரத்தில் ஒரு உரச் சாக்கு கட்டித் தொங்கியது. அதற்குள் அவன் ஒன்றாம் வகுப்பிலிருந்து எழுதிய அத்தனை நோட்டும், ரேஷன் கார்டும். மழை படாத ஒரே இடம் அதுதான். அக்கறை இல்லாத குடும்பமாம்! நான்தான் சொன்னேன், நானே.

2023 ஆகஸ்ட் 25 அன்று திருக்குவளையில் காலை உணவுத் திட்டத்தை எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரித்தார்கள். அன்றைக்கு நம் ஊர்க் குழுவில் என்ன எழுதினீர்கள், ஞாபகம் இருக்கிறதா? "காலையில் எழுந்து சமைக்கக்கூடச் சோம்பேறித்தனம்." குறுவை நடவுக்கு இருட்டில் கிளம்பி, முழங்கால் சேற்றில் குனிந்து நிற்பவளைச் சொன்னீர்கள். நீங்கள் சாப்பிடும் சோற்றுக்கு நாற்று நட்டவள் அவள்.

"மாசம் 1000 ரூபாய் வாங்கிக்கிட்டுச் செஞ்சதுதானே, இதில் என்ன சேவை?" இதை எழுதியது என் சொந்த உறவு. ஆமாம் சித்தி, வாங்கினேன். சார்ட்டுக்கும் ஸ்கெட்சுக்கும் போக மிச்சம் இருந்ததும் உண்டு. அந்தப் பணம் நின்ற பிறகும் நான் போய்க்கொண்டிருப்பது உங்களுக்குத் தெரியும். தெரிந்தேதான் எழுதினீர்கள், அதுதான் வலிக்கிறது.

"எல்லாத்திலும் ஏன் சாதியை இழுக்கிற?" இழுத்தது நானா? எந்தத் தெருப் பிள்ளைகள் என்று பார்த்து ஏழு பைகளைப் பிரித்து எடுத்தது யார்? கீழவெண்மணி இங்கிருந்து எவ்வளவு தூரம்? 1968 டிசம்பர் 25, கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயக் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர். குடிசைக்குள் வைத்து எரித்தார்கள், குழந்தைகளும் அதில் உண்டு. பையைக் கொட்டியதையும் அதையும் ஒன்றாகவா பேசுவது என்று கோபப்படுவீர்கள். ஒன்றென்று சொல்லவில்லை. ஆனால் ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் ஒரு கொலுசு தொலைந்தால் நம் கண் முதலில் எந்தப் பக்கம் திரும்புகிறது? எனக்கு அதற்குப் பதில் வேண்டும். "கிடைச்சிடுச்சு, விடு" என்பது பதில் இல்லை.

பரிசு கொடுத்தீர்கள், பிரியாணிப் பொட்டலம் கொடுத்தீர்கள், சரி. மன்னிப்பு மட்டும் யாருமே கேட்கவில்லை. ஏழு பேரில் மூத்ததற்கே பதிமூன்று வயது.

திங்கட்கிழமை சாயங்காலம் வழக்கம்போலப் போனேன். ஆறு பேர் வந்தார்கள். சாக்பீஸ் கட்டம் போட்ட பெண் வரவில்லை. ஒரு சின்னப் பையன் உட்காருவதற்கு முன்னால் தன் பையைத் திறந்து என் முன்னால் கவிழ்த்தான். இரண்டு நோட்டு, ஒரு பென்சில், பாதி கிரேயான். எதுக்குடா என்றேன்.

"நீங்களும் பாத்துக்குங்க டீச்சர்."