வானவில் யாருடைய வீட்டுப்பாடம்?

"நாளைக்குப் பிள்ளைகள் வானவில் கிராஃப்ட் செய்து எடுத்து வரவும்" என்று யூகேஜி வாட்ஸப் குழுவில் செய்தி வந்தால், அது பிள்ளைக்கு வந்த செய்தி இல்லை. அம்மாவுக்கு வந்தது. ராத்திரி கடை மூடும் நேரத்தில் சார்ட் பேப்பர், பஞ்சு, கலர் பேப்பர், ஃபெவிகால் என்று ஸ்டேஷனரி கடை வாசலில் நிற்பவர்களைப் பார்த்தாலே தெரியும். பிள்ளை அந்நேரம் தூங்கியிருக்கும். மறுநாள் வகுப்புச் சுவர் முழுக்க வானவில் தொங்கும், எல்லாம் பெரியவர்கள் கைவேலை. யார் வீட்டு வானவில் பிரமாதம் என்று அம்மாக்களுக்குள் ஒரு போட்டி வேறு.

மழலையர் வகுப்புக்குக் கிராஃப்ட்டை வீட்டுப்பாடமாகக் கொடுக்கவே கூடாது. வகுப்பிலேயே, பிள்ளையின் கையாலேயே நடக்கட்டும். அசிங்கமாக வந்தால் வரட்டும். ஒரு டீச்சர், ஓர் ஆயா, வகுப்பு நிறையப் பிள்ளைகள், இதில் பெயிண்டை எப்படித் திறப்பது என்று கேட்பார்கள். நியாயம்தான். அப்படியானால் அன்றைக்கு கிரையான் மட்டும் போதும். பஞ்சு மேகமும் கிளிட்டரும் பிள்ளைகள் கேட்டதில்லை, போட்டோவுக்காக நாம் கேட்பது.

கிரையான் என்றதும் ஒன்று. உடைந்த துண்டுகளைக் குப்பையில் போடாதீர்கள். முழு கிரையானைச் சின்னப் பிள்ளை உள்ளங்கையால் இறுக்கிப் பிடிக்கும். அரை விரல் நீளத் துண்டை அப்படிப் பிடிக்க இடமில்லை, விரல் நுனியால்தான் பிடித்தாக வேண்டும். பின்னால் பென்சில் பிடிப்பதற்கு இதுவே பயிற்சி. கோட்டுக்குள்ளே அடி, வெளியே போகாதே என்று மூன்று வயதில் அதட்டுவதில் ஒரு பிரயோஜனமும் இல்லை. அந்த மணிக்கட்டு இன்னும் அதற்குத் தயாராகவில்லை.

அப்புறம் இந்த வரிசைப் பிரச்சினை. எங்கள் வீட்டு வாண்டு வானவில்லில் பிரவுன் சேர்த்துவிட்டாள் என்று சிவப்பு மையில் சுழித்து அனுப்பியிருந்தார்கள். நியூட்டனே முதலில் ஐந்து நிறங்கள்தான் சொன்னார். ஆரஞ்சும் கருநீலமும் பிறகு சேர்ந்தவை, இசையின் ஏழு சுரங்களோடு பொருந்தட்டும் என்று. உண்மையில் நிறங்கள் ஒன்றோடொன்று கரைந்துதான் போகின்றன, நடுவில் கோடு கிடையாது. நீலத்துக்கும் ஊதாவுக்கும் நடுவே அந்தக் கருநீலத்தைத் தனியாகப் பிரித்துப் பார்க்கப் பெரியவர்களுக்கே கண் போதாது. ஐந்து வயதில் ஏன் இந்த மனப்பாடம்?

2020 மார்ச்சில் கொரோனாவால் இத்தாலி வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது, பிள்ளைகள் போர்வையிலும் அட்டையிலும் வானவில் வரைந்து, 'எல்லாம் சரியாகிவிடும்' என்று எழுதி பால்கனியில் தொங்கவிட்டார்கள். அப்புறம் பிரிட்டனில் ஜன்னலுக்கு ஜன்னல் வானவில். கோணல்மாணலாக இருந்தவைதான் நிறைய. யார் போய் வரிசை சரிபார்த்தார்கள்?

சரி, வீட்டில் என்னதான் செய்வது என்று கேட்டால், எனக்குப் பிடித்தது டிஷ்யூ பேப்பர் வானவில். நீளமாக மடித்த டிஷ்யூவின் இரண்டு முனையிலும் தண்ணீரில் கரையும் ஸ்கெட்ச் பேனாவால் பட்டை பட்டையாக நிறம் அடிக்கச் சொல்லுங்கள். இரண்டு டம்ளர் தண்ணீரில் ஆளுக்கொரு முனையை நனைத்துப் பாலம் மாதிரி வையுங்கள். தண்ணீர் மேலே ஏற ஏற நிறமும் கூடவே ஏறி நடுவில் வந்து சந்திக்கும். கருப்பு ஸ்கெட்ச் பேனாவால் தனியாக ஒரு புள்ளி வைத்து நனைத்தால் அதற்குள்ளிருந்து நீலமும் சிவப்பும் பிரிந்து வரலாம். கடையில் விற்கும் கிட் எதுவும் இதற்குப் பக்கத்தில் வராது.

நிறத்துக்குக் கடைக்குக்கூடப் போக வேண்டாம். சங்குப்பூவை வெந்நீரில் போட்டால் நீலம், அதில் எலுமிச்சைச் சாறு விழுந்தால் ஊதா, இன்னும் விட்டால் இளஞ்சிவப்பு. பீட்ரூட் இருக்கிறது. மஞ்சள்தூளைக் கரைத்துத் தாளில் பூசிக் காயவைத்து, சோப்புத் தண்ணீர் தொட்ட விரலால் கோடு போட்டால் பளிச்சென்று சிவக்கும். ஆரத்தித் தட்டில் நடக்கிற அதே சங்கதி. ஆனால் பிள்ளை கையில் சுண்ணாம்பைக் கொடுத்துவிடாதீர்கள், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. சோப்பும் கண்ணில் எரியும், பக்கத்திலேயே இருங்கள். வாயில் எதையும் போடுகிற வயதென்றால் தெர்மாகோல் உருண்டை, பாசிமணி எதுவும் வேண்டவே வேண்டாம். இந்த நிறங்கள் சில நாளில் மங்கிவிடும் என்பது உண்மைதான். மங்கட்டுமே, திரும்பச் செய்ய ஒரு சாக்கு.

நிஜ வானவில்லையும் ஒருமுறை காட்டிவிடுங்கள். மழைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. காலை வெயிலிலோ சாயங்கால வெயிலிலோ சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, செடிக்கு ஊற்றும் ஹோஸின் வாயைக் கட்டைவிரலால் பாதி அடைத்துப் பீய்ச்சினால் போதும். நம் நிழலின் தலையிலிருந்து சுமார் 42 டிகிரி தள்ளி வானவில் நிற்கும். உச்சி வெயிலில் வானத்தில் வானவில் தெரியாததற்கும் இந்தக் கணக்குத்தான் காரணம். சிவப்பு வெளியே இருக்கிறதா உள்ளே இருக்கிறதா என்று அவர்களே பார்த்துச் சொல்லட்டும்.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் இதை எழுந்து கேட்கப் போகிறேன். வீட்டுக்கு அனுப்பும் கிராஃப்ட்டை நிறுத்துங்கள், அதே பொருள்களைப் பள்ளிக்கே வாங்கித் தருகிறோம் என்று. கூட நிற்கிறவர்கள் கமெண்டில் சொல்லுங்கள், ஒருத்தியாகப் பேசினால் 'உங்களுக்கு நேரமில்லையா மேடம்' என்று உட்காரவைத்துவிடுவார்கள்.