ஹைட்ரஜன் காருக்கு வேண்டாம், உர மூட்டைக்கு வரட்டும்

சூரிய மின்சாரத்தில் ஹைட்ரஜன் எடுப்பதைப் பற்றி காவிரி டெல்டாவில் பேச்செடுத்தால் முதலில் வருவது சந்தேகம்தான். வரத்தான் செய்யும். வயலைத் துளைத்து மீத்தேன் எரிவாயு எடுக்கிறோம் என்றார்கள், அப்புறம் ஹைட்ரோகார்பன் (எண்ணெய், எரிவாயு) என்றார்கள். 2017இல் நெடுவாசலிலும் கதிராமங்கலத்திலும் சனங்கள் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். புதிதாக இப்படித் துளைப்பதைத் தடுக்கிற பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது 2020இல்தான். அதனால் "இது அடுத்த எரிவாயுத் திட்டமா?" என்று கேட்பவரை விவரம் தெரியாதவர் என்று ஒதுக்குவது பெரிய தப்பு.

ஆனால் இது பூமியைத் துளைத்து எடுக்கிற சரக்கு இல்லை. தண்ணீரில் மின்சாரத்தைச் செலுத்தி ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் பிரிக்கிற வேலை. நான் இதை முழு மனதோடு ஆதரிக்கிறேன். எதற்காக, எங்கே என்பதில்தான் எனக்குப் பிடிவாதம்.

ஹைட்ரஜன் என்றதும் எல்லோரும் காரையும் பஸ்ஸையும் காட்டுகிறார்கள். ஒரு கிலோ எடுக்க 50 முதல் 55 யூனிட் மின்சாரம் ஆகும். அதைத் திரும்ப மின்சாரமாக மாற்றினால் போட்டதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் கைக்கு வரும். பேட்டரியில் வைத்தால் முக்கால் பங்குக்கு மேல் திரும்பும். அப்படியிருக்க பம்புசெட்டுக்கும் ஸ்கூட்டருக்கும் ஹைட்ரஜன் எதற்கு? மோட்டார் பகலில் வெயிலிலேயே நேரடியாக ஓடட்டும்.

நமக்கு அது வேண்டிய இடம் உர மூட்டை. சம்பாவுக்கு மேலுரம் போடுகிற நேரத்தில் ஆதார் அட்டையோடு சொசைட்டி வாசலில் நிற்கிறோமே, அந்த 45 கிலோ யூரியா. நாம் கொடுப்பது ரூ.266.50, மீதியை அரசு மானியமாகக் கட்டுகிறது. யூரியா அமோனியாவிலிருந்து வருகிறது, அமோனியாவுக்கு ஹைட்ரஜன் வேண்டும், அந்த ஹைட்ரஜனை இன்று இயற்கை எரிவாயுவிலிருந்து எடுக்கிறார்கள். உர ஆலைகளுக்குப் போகிற எரிவாயுவில் பெரும்பகுதி கப்பலில் இறக்குமதியாகிறது. இப்படி எடுக்கிற ஒவ்வொரு கிலோ ஹைட்ரஜனுக்கும் 9, 10 கிலோ கரியமில வாயு வெளியே வருகிறது. நம் சோற்றுக்குள் இவ்வளவு புகை இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு மூட்டை யூரியாவுக்குச் சுமார் நாலரைக் கிலோ ஹைட்ரஜன் வேண்டும். வெயிலில் எடுத்தால் அதற்கு 240 யூனிட் மின்சாரம், 40 லிட்டர் சுத்தமான தண்ணீர். நம் ஊர் வெயிலுக்கு, மாடியில் ஒரு கிலோவாட் சோலார் பேனல் போட்டால் இரண்டு மாதத்தில் கிடைக்கிற மின்சாரம் அது. கைக்கு எட்டாத கணக்கே இல்லை.

ஒரு சிக்கல் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். யூரியா செய்ய அமோனியாவோடு கரியமில வாயுவும் வேண்டும். எரிவாயு ஆலையில் அது கூடவே கிடைத்துவிடும். தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் எடுத்தால் வேறு இடத்திலிருந்து கொண்டுவர வேண்டும். நாம் அடியுரமாகப் போடுகிற டிஏபிக்கு அந்தத் தொல்லை இல்லை. அமோனியாவும் பாஸ்பாரிக் அமிலமும் சேர்ந்தால் போதும். அதனால் நம் அடியுரத்திலிருந்தே தொடங்கலாம் என்பது என் எண்ணம்.

சரி, தண்ணீர்? வருஷா வருஷம் ஜூன் 12இல் மேட்டூர் திறப்பார்களா என்று காத்துக் கிடக்கிற ஊர் இது. இங்கே வந்து எந்த ஆலையும் ஆற்றுத் தண்ணீர் கேட்கக் கூடாது, கேட்க வேண்டிய தேவையும் இல்லை. கடல்நீரை ஆயிரம் லிட்டர் நன்னீராக்க மூன்று, நான்கு யூனிட் போதும். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு வேண்டிய 9 லிட்டரையும் குளிர்விக்கிற தண்ணீரையும் சேர்த்தாலும், அந்த 50 யூனிட்டுக்குப் பக்கத்தில் இது ஒன்றுமே இல்லை. ஆலை கடற்கரையில் இருக்கட்டும். தூத்துக்குடி துறைமுகத்தை ஹைட்ரஜன் மையமாக மத்திய அரசு ஏற்கெனவே தேர்ந்தெடுத்திருக்கிறது, உர ஆலையும் அங்கேயே இருக்கிறது. மிச்சமாகிற உப்புக் கழிவுநீரை எங்கே விடுவது என்று மட்டும் மீனவர்களைக் கேட்டு முடிவு செய்ய வேண்டும்.

நிலமும் அப்படித்தான். ஒரு மெகாவாட் சோலாருக்கு நான்கைந்து ஏக்கர் போகும். நஞ்சையில் ஒரு குழிகூடக் கொடுக்க மாட்டோம். நெல் கிடங்குகளின் கூரையும் ரைஸ்மில் கூரையும் சும்மாதானே வெயிலில் காய்கின்றன? குஜராத்தில் நர்மதைக் கால்வாயின் மேலேயே 2012இல் பேனல் போட்டார்கள். கல்லணைக் கால்வாயில் ஒரு மைல் முயன்று பார்க்கலாமே. அந்த மின்சாரத்தை கிரிட்டில், அதாவது பொது மின்கம்பி வலையில் விட்டால் தூத்துக்குடி வரை போகும்.

தேசிய பசுமை ஹைட்ரஜன் திட்டத்துக்கு 2023இல் ரூ.19,744 கோடி ஒதுக்கினார்கள். 2030க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் என்று அப்போது இலக்கு வைத்தார்கள். ஏற்றுமதியும் அந்தத் திட்டத்தின் நோக்கங்களில் ஒன்று. இதில் எத்தனை டன் வெளிநாட்டுக்குக் கப்பல் ஏறும், எத்தனை டன் நம் உர ஆலைகளுக்கு வரும் என்று தஞ்சை, நாகை, மயிலாடுதுறை எம்.பி.க்கள் நாடாளுமன்றத்தில் எழுந்து கேட்க வேண்டும். அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வரும்போது நான் இதைத்தான் கேட்கப் போகிறேன்.